விரையில் திடீர் வலி: லயத்து வீட்டிலிருந்து ஸ்கேன் அறை வரை

விரையில் திடீரென்று வலி எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. வலி தொடங்கிய நேரத்தைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. "நேத்து ராத்திரி எப்பவோ" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் சரியாக முடிவெடுக்க முடியாது.

இதை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் தோட்டத்து வீட்டாரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வயதுக்கு வரும் பையன் உள்ள வீடு, அண்மையில் இங்கே குடிவந்த குடும்பம், ஆஸ்ரமாவில் தங்கிப் படிக்கும் தம்பிகள், எல்லாரும் படிக்கலாம். பட்டணத்தில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில் வந்துவிடும். நமக்கோ செம்பனைக்குள் மண் சாலையைத் தாண்டி டவுனுக்கு வர வேண்டும். அறுவை தேவைப்பட்டால் அங்கிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போக வேண்டும். அந்தத் தூரத்தையும் சேர்த்துத்தான் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

எதற்கு இத்தனை அவசரம்? ஒவ்வொரு விரையும் ஒரு கொடியில் தொங்குகிறது. இரத்தம் கொண்டுவரும் தமனி, எடுத்துப் போகும் சிரை, விந்துக்குழாய் எல்லாம் அந்தக் கொடிக்குள்தான் ஓடுகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே விரை பின்பக்கம் சரியாகப் பிடிப்பில்லாமல் பைக்குள் ஆடிக்கொண்டிருக்கும். அது சுற்றிக்கொண்டால் கொடியும் முறுக்கிக்கொள்ளும். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் முறுக்கிக்கொண்டால் வரத்து நின்றுபோவது போலத்தான். சிரையின் சுவர் மெல்லியது, அதனால் முதலில் அடைபடுவது அதுதான். உள்ளே வந்த இரத்தம் வெளியேற முடியாமல் விரை வீங்கும். பிறகு தமனியும் அடைபடும். 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது விரைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்ளும். 12 மணி நேரம் ஆகிவிட்டால் பாதிக்குப் பாதிதான். 24 மணி நேரம் கடந்தால் பிழைப்பது அபூர்வம்.

இது 25 வயதுக்கு உட்பட்ட ஆண்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம். பச்சைக் குழந்தைக்கும் வரும், முப்பது தாண்டியவருக்கும் வரும். அடிபட்டால்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். தூக்கத்திலேயே முறுக்கிக்கொண்டு, விடியற்காலையில் பையன் வலியோடு எழுந்திரிப்பது சாதாரணமாக நடக்கிறது.

வீட்டில்: வயிற்று வலி என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பதின்மூன்று வயதுப் பையன் அம்மாவிடம் போய் விரை வலிக்கிறது என்று சொல்ல மாட்டான். "வயித்த வலிக்குதும்மா" என்பான். அவன் முழுப் பொய்யும் சொல்லவில்லை. விரைக்கு வரும் நரம்புகள் வயிற்றுப் பகுதியிலிருந்து இறங்கி வருவதால் அடிவயிற்றில் நிஜமாகவே வலிக்கும், குமட்டும், வாந்தி வரும். அம்மா பாவம், நேற்று பசார் மாலாமில் வாங்கிய சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுப்பார். அதிலேயே மூன்று மணி நேரம் ஓடிவிடும்.

ஆகவே வயிற்று வலியும் வாந்தியுமாகப் பையன் சுருண்டு படுத்தால் அப்பாவோ மாமாவோ அண்ணனோ தனியாகக் கூப்பிட்டு நேராகக் கேளுங்கள்: "கீழே வலிக்குதா? ஒரு பக்கமா?" வீட்டில் ஆண் துணை இல்லையென்றால் அம்மாவே கேட்கலாம், கூச்சத்துக்கு இது நேரமில்லை. முன்பெல்லாம் தோட்டத்து டிரஸ்ஸரிடம் பையன்கள் வெட்கப்படாமல் சொல்லிவிடுவார்கள். பல தோட்டங்களில் இன்று அந்த ஏற்பாடே இல்லை. "ஒன்னும் இல்லலா மா" என்று அவன் சொன்னாலும் நடையைக் கவனியுங்கள். காலை அகட்டி அகட்டி நடந்தால் ஏதோ இருக்கிறது.

ஒரு பக்கம் வீங்கியிருப்பது, தொட்டால் கல்லுப்போல இருப்பது, மற்றதைவிட மேலே ஏறி நிற்பது, இவற்றில் எதைக் கண்டாலும் கிளம்புங்கள். எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் வலி மட்டும் கடுமையாக இருந்தாலும் கிளம்புங்கள்.

எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம், சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போக வேண்டாம். பனடோல் போட்டு வலி கொஞ்சம் குறைந்தாலும் பயணத்தை நிறுத்த வேண்டாம். விரை செத்துப்போகும்போதும் வலி அடங்குவதுண்டு. இன்னொன்று, பையன் சோர்ந்திருக்கிறானே என்று மைலோ கலக்கிக் கொடுக்காதீர்கள். அறுவைக்கு மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது.

எங்கே போவது, என்ன சொல்வது

நேராக அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பலகையில் "கெச்செமாசான்" என்று இருக்கும். காலை எட்டு மணிக்குக் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருப்பதும், முதலாளியின் பேனல் கிளினிக்கில் எம்சியோடு திரும்பி வருவதும் இந்த வலிக்குச் சரிவராது. தனியார் கிளினிக்குக்குத்தான் முதலில் போனீர்கள் என்றால் உடனே ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அங்கிருந்தே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வண்டி இல்லையென்றால் 999. தோட்டத்து உள்சாலையில் அம்புலன்ஸ் வழி தவறக்கூடும் என்றால் பெரிய சாலைச் சந்திப்பில் ஒருவரை நிறுத்துங்கள்.

முகப்பில் "சாக்கிட் பெருட்" என்று சொன்னால் வயிற்று வலிக்காரர்கள் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "சாக்கிட் புவா சாக்கார், முலா புக்குல் டுவா பாகி" என்று நேரத்தோடு சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தொடங்கிய விரை வலி என்று அர்த்தம். வேலை தெரிந்தவர் அதைக் கேட்டதும் எழுந்துவிடுவார்.

18 வயதுக்குக் கீழ் என்றால் அறுவைக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும். மைகார்டோடு பெரியவர் ஒருவர் கூடவே வரவேண்டும். ஆஸ்ரமாவில் இருக்கும் பையன் என்றால் வார்டன் அழைத்து வரும் அதே நேரத்தில் பெற்றோரும் கிளம்பிவிட வேண்டும். குடிமக்களுக்கு அவசரப் பிரிவில் கட்டணம் ஒரு வெள்ளிதான். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கூடுதல் ஆகும், அவர்கள் பாஸ்போர்ட்டும் காப்புறுதி அட்டையும் கொண்டுவரட்டும், முதலாளிக்கும் தகவல் சொல்லிவிடட்டும்.

டாக்டரின் கை முதலில், ஸ்கேன் பிறகு

ஸ்கேன் எடுக்கவில்லையே என்று சில வீட்டார் சண்டைக்கு வருவார்கள். ஸ்கேன் எடுக்காமலே டாக்டர் ஈப்போவுக்கு அனுப்பினால் சந்தோஷப்படுங்கள். நோயைப் புரிந்துகொண்ட டாக்டர் அவர்.

2013இல் வெளியான ஒரு புள்ளிக் கணக்கு இப்போது பரவலாகப் பயன்படுகிறது. அதற்கு 'ட்விஸ்ட்' என்று பெயர். விரை வீக்கத்துக்கு 2, கல்லாக இறுகியிருந்தால் 2, வாந்தி அல்லது குமட்டலுக்கு 1, மேலே ஏறி நின்றால் 1. கடைசி 1 ஒரு சிறிய சோதனைக்கு உரியது. உள்தொடையை லேசாக வருடினால் அந்தப் பக்கத்து விரை சட்டென்று மேலே இழுத்துக்கொள்ள வேண்டும், இழுக்காவிட்டால் ஒரு புள்ளி. மொத்தம் 7. கூட்டினால் 2 வரைக்கும் முறுக்குக்கு வாய்ப்பு குறைவு. 3 அல்லது 4 என்றால் ஸ்கேன் பார்த்து முடிவெடுக்கலாம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்கேனுக்காக நிற்காமல் நேராக அறுவை அறைக்குப் போகலாம்.

ஆக, ஸ்கேன் உதவுவது சந்தேகத்தில் நிற்பவர்களுக்குத்தான். நள்ளிரவில் ஸ்கேன் எடுக்கத் தெரிந்தவர் இல்லாத ஆஸ்பத்திரியில் "காலையில் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "டாக்டர், முறுக்கு இல்லைன்னு உறுதியா சொல்ல முடியுமா? இல்லைன்னா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா?" அறுவை நிபுணரோடு தொலைபேசியில் பேசச் சொல்வதும் உங்கள் உரிமைதான்.

தூரம் அதிகம் என்றால் சில டாக்டர்கள் கையாலேயே முறுக்கைத் திருப்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலான முறுக்கு உள்நோக்கிச் சுற்றியிருக்கும், அதனால் வெளிநோக்கித் திருப்புவார்கள். மூன்றில் ஒன்று வரை எதிர்த்திசையில் சுற்றியிருக்கும் என்பதால் வலி கூடினால் நிறுத்திவிடுவார்கள். இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. டாக்டர் செய்து வலி குறைந்தாலும் அறுவை வேண்டும். மிச்ச முறுக்கு உள்ளே இருக்கலாம்.

ஸ்கேன் அறைக்குள்

இது அல்ட்ராசவுண்ட், அதாவது ஒலி அலை. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. குழந்தை பெறாமல் போய்விடுமோ என்று பயப்பட ஒன்றுமில்லை.

பையன் மல்லாந்து படுக்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே ஒரு துண்டை மடித்து வைத்து விரைப்பையைத் தாங்கச் செய்வார்கள். ஆண்குறியை மேலே வயிற்றுப் பக்கம் வைத்து இன்னொரு துணியால் மூடிவிடுவார்கள். ஆகவே பையன் நினைத்துப் பயப்படும் அளவுக்கு அம்மணம் இல்லை. எடுப்பவர் பெண்ணாக இருக்கலாம். ஆண் வேண்டும் என்று கேட்கலாம், ஆனால் ஆண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்பா உள்ளே நிற்க அனுமதி கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

கர்ப்பிணிகளின் வயிற்றில் வைக்கும் வளைந்த கருவி இதற்குப் பொருந்தாது. தட்டையான முகம் கொண்ட, 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி தரும் கருவியை எடுப்பார்கள். மேலோட்டமாக இருக்கும் உறுப்பை அது நுணுக்கமாகக் காட்டும். ஜெல்லைத் தடவிவிட்டு முதலில் வலிக்காத பக்கத்தில்தான் வைப்பார்கள். "இந்தப் பக்கம் இல்லைக்கா, அந்தப் பக்கம்" என்று பையன் கத்துவான். கத்தட்டும். நல்ல விரையில் இரத்தம் ஓடுவது தெளிவாகத் தெரியும்படி பொறியைச் சரிசெய்துவிட்டு, அந்த அமைப்பை மாற்றாமல் வலிக்கும் பக்கம் போனால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். விரைக்குள் ஓடும் இரத்தம் மெதுவானது. வேகமான ஓட்டத்துக்கு வைத்த அமைப்பில் பார்த்தால் நல்ல விரையும் செத்த விரைபோலத் தெரியும்.

அடுத்து இரண்டு விரைகளையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் எடுப்பார்கள். என்னைக் கேட்டால் மொத்த ஸ்கேனிலும் மிக உபயோகமான படங்களில் இது ஒன்று. ஒன்று பெரிதா, நிறம் மாறியிருக்கிறதா, ஒன்றில் மட்டும் இரத்த ஓட்டம் இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிறகு டாப்ளர். நகரும் பொருளிலிருந்து வரும் அலை மாறித் தெரியும் என்று ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்னது இரட்டை நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி. அதே கணக்கில்தான் இன்று திரையில் சிவப்பும் நீலமும் தெரிகின்றன. நீலம் என்றால் கெட்ட இரத்தம் என்று பதற வேண்டாம். கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிப் போகும் ஓட்டத்துக்கு இன்னொன்று, அவ்வளவுதான். பையன் அசைந்தால் திரை முழுக்கப் பொய் நிறம் சிதறும், அதனால்தான் அசையாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கடைசியாகக் கருவியை மேலே, இடுப்பு மடிப்பு வரை கொண்டு போவார்கள். கொண்டு போக வேண்டும். கொடி முறுக்கிக்கொண்ட இடம் திரையில் நீர்ச்சுழிபோலச் சுருண்டு தெரியும். அதைக் கண்டால் வேறு வாதம் தேவையில்லை.

ஏன் கொடியைப் பார்க்கச் சொல்கிறேன்

"இரத்த ஓட்டம் இருக்கிறது, முறுக்கு இல்லை" என்பதுதான் இந்த ஸ்கேனில் மிக ஆபத்தான வாக்கியம். அரைகுறையாக முறுக்கியிருந்தால் தமனி இன்னும் முழுதாக அடைபட்டிருக்காது, நிறம் தெரியும். முறுக்கித் தானாக விடுபட்டிருந்தால் இரத்தம் பாய்ந்து வந்து நிறம் அதிகமாகக்கூடத் தெரியும், பார்ப்பவர் அதைக் கிருமித் தொற்று என்று எழுதிவிடக்கூடும். 2007இல் வெளியான, பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில் முறுக்கு இருந்த 208 பேரில் 50 பேருக்கு விரைக்குள் இரத்த ஓட்டம் தெரிந்தது. நாலில் ஒருவர்! அதே 208 பேரில் 199 பேருக்குக் கொடியின் முறுக்கை நேராகவே பார்க்க முடிந்தது.

எனவே ஸ்கேன் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கொடியைப் பார்த்தீங்களா, சுழி இருந்ததா?" இந்தக் கேள்வியைக் கேட்கும் அப்பாவைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வயதுக்கு வராத சின்னப் பையனுக்கு நல்ல விரையிலேயே ஓட்டம் மிகக் குறைவாகத்தான் தெரியும். அங்கே நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது இன்னும் சிரமம். சந்தேகம் தீராவிட்டால் அறுவை நிபுணர் திறந்து பார்த்துவிடுவார். திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான்.

திரையில் வேறு என்ன தெரியலாம்

முறுக்கு என்றால் ஒரு பக்கம் வீங்கி, நிறமே இல்லாமல் இருக்கும். முதல் சில மணி நேரம் விரையின் சாம்பல் நிறம் இயல்பாகவே தெரியும், அது நல்ல செய்தி. திட்டுத் திட்டாகக் கறுத்துத் தெரிந்தால் நாள் கடந்துவிட்டது என்று பொருள்.

7 முதல் 12 வயதுப் பையன்களுக்கு அதிகம் வருவது வேறொன்று. விரையின் மேல்முனையில் பிறவியில் மிஞ்சிய சிறிய தசைத் துணுக்கு ஒன்று இருக்கும், அது முறுக்கிக்கொள்ளும். ஸ்கேனில் விரை நன்றாக இருக்கும், பக்கத்தில் ஓட்டமில்லாத சிறு மணி ஒன்று தெரியும். தோலின் வழியே நீலப்புள்ளி தெரியும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம், தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. இதற்குப் பெரும்பாலும் அறுவை வேண்டாம். ஓய்வும் வலி மருந்தும் போதும்.

வலி ஓரிரு நாளாக மெல்ல ஏறி, காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். விரையின் பின்பக்கம் சுருண்டு கிடக்கும் எபிடிடிமிஸ் என்ற குழாய்ச் சுருள் தடித்து, திரையில் தீப்பற்றியதுபோல நிறம் ஏறியிருக்கும். 35 வயதுக்குக் கீழ் உடலுறவால் தொற்றும் கிருமிகள் முக்கியக் காரணம், அதற்கு மேல் சிறுநீர்க் கிருமிகள். இளைஞர்கள் டாக்டரிடம் தனியாக உண்மையைச் சொல்லிவிட்டால் சரியான மருந்து கிடைக்கும். பொன்னுக்கு வீங்கி வந்து நாலிலிருந்து எட்டு நாளில் விரை வீங்குவதும் உண்டு, வயதுக்கு வந்த ஆண்களுக்கு. இங்கே குழந்தைகளுக்கு 9, 12 மாதங்களில் போடும் தடுப்பூசி அதற்கும் சேர்த்துத்தான்.

மோட்டார் விபத்தில் பெட்ரோல் டாங்கியில் மோதி அடிபட்டவருக்கு விரையின் வெள்ளை உறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிழிந்திருந்தால் விரைவில் தைக்க வேண்டும். குடலிறக்கம் என்றால் பைக்குள் குடல் நெளிவதே தெரியும்.

இனிப்பு நீர் உள்ள பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாக நம்மவர்களுக்கே அதிகம். விரைப்பைத் தோல் கறுத்து, துர்நாற்றத்தோடு, தாங்க முடியாத வலி வந்தால் அது தசையை அழிக்கும் தொற்று. அல்ட்ராசவுண்டிலும் சிடி ஸ்கேனிலும் தோலுக்கு அடியில் காற்றுக் குமிழி தெரியும். உயிரே போகக்கூடியது, படத்துக்காகக் காத்திருக்காமல் அறுவைக்கு எடுப்பார்கள்.

மற்றபடி எக்ஸ்ரேயும் சிடியும் முறுக்கைக் கண்டுபிடிக்க உதவாது. எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும், ஆனால் அதற்கு வரிசையில் நிற்பதற்குள் மணி ஓடிவிடும். டாப்ளர் பரவுவதற்கு முன் கதிரியக்க மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள், இப்போது அது அபூர்வம்.

முடிந்த பிறகு

அறுவை செய்தால் இரண்டு பக்கமும் தைத்து நிறுத்துவார்கள். நல்ல பக்கத்தில் ஏன் கை வைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பிடிப்பில்லாத அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், அதனால்தான். ஒன்று செத்து எடுக்க வேண்டி வந்தாலும், மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலானவர்கள் தகப்பனாக முடியும். பையன் இதைத்தான் மனத்துக்குள் போட்டு அரித்துக்கொண்டிருப்பான், கேட்கவும் மாட்டான். நீங்களே டாக்டரை அவன் முன்னிலையில் கேட்டுவிடுங்கள்.

அறுவை இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் திரும்ப வலி வந்த அந்த நிமிடமே மறுபடி போக வேண்டும், முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது என்ற தைரியம் கூடாது. வந்து வந்து போகும் வலி தனி வகை. முறுக்கித் தானாக விடுபடுவதால், ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஸ்கேனில் ஒன்றுமே தெரியாது. அப்படி இரண்டாம் முறை வந்தாலே அறுவை நிபுணரிடம் ஒரு அப்பாய்ன்ட்மென்ட் கேளுங்கள், நிதானமாக நாள் பார்த்துத் தைத்து நிறுத்திக்கொள்ளலாம்.

தொற்று என்று மருந்து வாங்கியவருக்கு வீக்கம் சில வாரங்களில் வடிய வேண்டும். வடியாமல் கட்டியாக நின்றால் மறு ஸ்கேன் கட்டாயம். இளவயதில் வரும் விரைப் புற்று சில சமயம் வலியோடும் வீக்கத்தோடும் வந்து தொற்றுபோல ஏமாற்றும். பழைய ஸ்கேன் முடிவுத் தாளையும் அன்று வலி தொடங்கிய நேரத்தைக் குறித்ததையும் அந்த அப்பாய்ன்ட்மென்ட்டுக்குக் கையோடு கொண்டு போங்கள்.